போர் தண்ணிக்கு சாஃப்ட்னரா, கண்டிஷனரா? கோயம்புத்தூர் வீடு, ஹார்ட்னெஸ் 640

வடவள்ளி_வாசி:
எல்லோருக்கும் வணக்கங்க. வடவள்ளிப் பக்கம் வீடு கட்டிக் குடிவந்திருக்கிறோம். எங்கள் ஊர் வழக்கப்படி வீட்டுக்குள் இரண்டு லைன். குடிக்கவும் சமைக்கவும் சிறுவாணித் தண்ணி, அதற்குத் தனித் தொட்டி. குளியல், துணி, கழிவறை, செடி எல்லாவற்றுக்கும் போர் தண்ணி.

கீசர் சூடாக நேரமெடுக்கிறது என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டோம். உள்ளே காயிலைக் கழற்றி எடுத்தார். இரும்பே தெரியவில்லை. வெளிறிய பழுப்பு நிறத்தில் விரல் மொத்தத்துக்கு ஓடு பிடித்திருந்தது, தட்டினால் சில்லுச் சில்லாகப் பெயர்கிறது. ஷவரில் பாதித் துளை அடைப்பு. துண்டு காய்ந்தால் அட்டை போல நிற்கிறது.

இரண்டு கம்பெனி ஆட்கள் வந்து பார்த்தார்கள். ஒருவர் 25 லிட்டர் ரெசின் போட்ட ஆட்டோமேட்டிக் சாஃப்ட்னர்தான் வழி என்கிறார். இன்னொருவர் "உப்பே கொட்ட வேண்டாம், கரண்ட் வேண்டாம், கழிவுத் தண்ணி கிடையாது" என்று கண்டிஷனர் ஒன்றைக் காட்டுகிறார். இரண்டும் ஏறக்குறைய ஒரே விலையில் வந்து நிற்கின்றன. லேப் ரிப்போர்ட் கையில் இருக்கிறது: மொத்த ஹார்ட்னெஸ் 640, ஆல்கலினிட்டி 380, குளோரைடு 180, இரும்பு 0.1, டிடிஎஸ் 1150 (எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராம்). வீட்டில் நான்கு பேர். எதை எடுக்கட்டும்?

வேதியியல்_டீச்சர்:
ரிப்போர்ட் எடுத்துவிட்டுக் கேட்டீர்களே தம்பி, பாதி வேலை முடிந்தது. டிடிஎஸ் மீட்டரை மட்டும் தண்ணியில் முக்கிப் பார்த்துவிட்டு மெஷின் வாங்குகிறவர்கள்தான் அதிகம். அந்த மீட்டர் ஹார்ட்னெஸை, அதாவது கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியத்தின் அளவை, தனியாகக் காட்டாது. கரைந்திருக்கும் உப்புகள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எண்ணாகக் காட்டும், அவ்வளவுதான்.

ஐஎஸ் 10500 என்ற இந்தியத் தரப்படி குடிநீரில் ஹார்ட்னெஸ் 200 வரை இருப்பது நல்லது. வேறு தண்ணி கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். உங்களுடையது அதையும் தாண்டிவிட்டது.

அடுத்து 380 என்ற ஆல்கலினிட்டியைப் பாருங்கள். 640-இல் 380 பங்கு பைகார்பனேட்டோடு இருக்கும் கால்சியம், மக்னீசியம். சூடேறினால் கார்பன் டை ஆக்சைடு பிரிந்துபோய், கால்சியம் கார்பனேட்டாகக் காயிலில் ஒட்டுவது பெரும்பாலும் இதுதான். மீதி 260, சல்பேட், குளோரைடு வகை. அது கொதித்தாலும் எளிதில் படியாது. ஆனால் சோப்பை இரண்டுமே ஒரே மாதிரிக் கெடுக்கும்.

இனி இரண்டு மெஷினுக்கு வருவோம். சாஃப்ட்னரில் இருப்பது சோடியம் ஏற்றிய ரெசின் மணிகள். கால்சியமும் மக்னீசியமும் மணியில் போய் உட்கார்ந்துகொள்ளும், சோடியம் தண்ணிக்குள் வரும். மணிகள் நிறைந்ததும் உப்புக் கரைசலை விட்டு அவற்றைப் பழையபடி சோடியத்துக்கு மாற்ற வேண்டும். அதனால் ஹார்ட்னெஸ் நிஜமாகவே போய்விடும்.

கண்டிஷனர் எதையும் எடுக்காது. நல்ல வகை என்றால் டிஏசி என்கிற மீடியா இருக்கும். அதன் மேற்பரப்பில் கால்சியம் கார்பனேட் கண்ணுக்குத் தெரியாத நுண்படிகங்களாக உருவாகி, பிரிந்து தண்ணியோடு ஓடிவிடும். குழாயிலும் காயிலிலும் ஒட்டுவது குறையும். ஆனால் வெளியே வரும் தண்ணியை லேபில் கொடுத்தால் அதே 640 வரும். சோப்பு நுரைப்பதிலும், துண்டு விறைப்பதிலும், தலைமுடி முரடாவதிலும் மாற்றம் எதிர்பார்க்க வேண்டாம்.

ஆகவே, எது உங்களைப் படுத்துகிறது என்பதை முதலில் தீர்மானியுங்கள். கீசர் மட்டும்தான் தொல்லையா, சோப்பும் துணியும் சேர்த்தா?

காந்தம்_போதும்:
இவ்வளவு செலவு எதற்கு? குழாய் மேல் வயர் சுற்றும் எலக்ட்ரானிக் டீஸ்கேலர் ஆன்லைனில் சில ஆயிரத்துக்குக் கிடைக்கிறதே. குழாயை வெட்டவே வேண்டாம். மாட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாமே?

வேதியியல்_டீச்சர்:
அதையும் கண்டிஷனர் என்ற பெயரில்தான் விற்கிறார்கள், அதனால்தான் குழப்பம். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் உப்பில்லாத முறைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சோதனை செய்திருக்கிறார்கள். சூடேற்றும் காயிலில் படிவதை டிஏசி 90 சதவீதத்துக்கும் மேல் குறைத்தது. மின்காந்த முறையில் சுமார் பாதிதான் குறைந்தது. அதுவும் ஆய்வகத்தில், அளந்து வைத்த தண்ணியில். வீட்டில் போர் தண்ணியின் குணம் மழைக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று. 640 ஹார்ட்னெஸ் உள்ள வீட்டுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

ஷவரில் திருகி மாட்டும் சின்ன ஃபில்டரையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குளோரினைக் குறைக்கும் பொடி உள்ளே இருக்கும். உள்ளங்கை அளவு டப்பாவில் இருக்கும் மீடியாவை வைத்து 640 ஹார்ட்னெஸை எடுக்கவே முடியாது. கணக்குப் போட்டாலே தெரியும்: ஒரு ஆள் குளிக்க 50 லிட்டர் என்றால் அதில் 32 கிராம் ஹார்ட்னெஸ். ஒரு லிட்டர் சாஃப்ட்னர் ரெசினே நடைமுறையில் 50 கிராம் அளவுக்குத்தான் பிடிக்கும்.

அரியலூரான்:
கண்டிஷனர் வைத்திருக்கிறவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. எங்கள் ஊர் சுண்ணாம்புக்கல் பூமி, சுற்றிலும் சிமெண்ட் ஆலைகள். ஆனால் என் கிணற்றுத் தண்ணி ஹார்ட்னெஸ் 340, இரும்பு கிடையாது. டிஏசி வைத்த பிறகு கீசரைக் கழற்றிப் பார்த்தோம். காயில் மேல் மாவு பூசியது போல ஒரு படலம், துணியால் துடைத்தால் வந்துவிட்டது. கண்ணாடியில் வெள்ளைப் புள்ளி இன்னமும் விழத்தான் செய்கிறது. ஆனால் முன்பு ஆசிட் போட்டுத் தேய்க்க வேண்டியிருந்தது, இப்போது ஈரத்துணி போதும். சோப்பு விஷயத்தில் டீச்சர் சொன்னது அப்படியே உண்மை, ஒரு மாற்றமும் இல்லை. எனக்கு வேண்டியது கீசரும் குழாயும் பிழைக்க வேண்டும் என்பதுதான், அதனால் எனக்குச் சரி.

குழாய்_வேலை_முருகன்:
டீச்சர் தண்ணியைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள், நான் லைனைப் பற்றிச் சொல்கிறேன். விற்பனைக்கு வருகிறவர்கள் இதைப் பேசவே மாட்டார்கள்.

நம் வீடுகளில் தண்ணி ஓவர்ஹெட் டேங்கிலிருந்து தானாக இறங்குகிறது. டேங்க் 10 அடி உயரத்தில் இருந்தால் கிடைக்கும் பிரஷர் 0.3 பார்தான். ஆட்டோமேட்டிக் சாஃப்ட்னர் வால்வு பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு பார் கேட்கும். அது இல்லாவிட்டால் உப்புக் கரைசலை உறிஞ்சாது. மெஷின் ஓடுகிற மாதிரி இருக்கும், உப்பு டப்பாவில் உப்பு குறையாது, தண்ணி மட்டும் பழையபடி ஹார்டாகவே வரும். ஆக, பிரஷர் பம்ப் இல்லாத வீட்டில் ஆட்டோமேட்டிக் வைத்தால் பம்ப் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

சிலர் போர் மோட்டாருக்கும் டேங்குக்கும் நடுவில் வைக்கச் சொல்வார்கள். பிரஷர் கிடைக்கும், சரி. ஆனால் போர் மோட்டார் தள்ளுகிற வேகத்துக்கு 25 லிட்டர் ரெசின் ஈடுகொடுக்காது, தண்ணி பாதி வேலை நடப்பதற்குள் ஓடிவிடும். அப்புறம் கழிவறைக்குப் போகிற தண்ணியையும் உப்புச் செலவு செய்து சாஃப்ட் ஆக்க வேண்டி வரும். டிஏசி என்றால் கட்டாயம் டேங்குக்குப் பிறகுதான், வீட்டுக்குள் இறங்கும் லைனில். டேங்கிலேயே நாள்கணக்கில் தங்கும் தண்ணிக்கு அதை வைத்துப் பிரயோஜனமில்லை.

எதை வைத்தாலும் அதற்கு முன்னால் மணல், சேறு பிடிக்க ஒரு ஃபில்டர் வேண்டும். மெஷினுக்குள் போகாமல் தண்ணியைச் சுற்றி அனுப்ப, மூன்று வால்வு வைத்த பைபாஸும் வேண்டும். மெஷின் ரிப்பேர் என்றால் வீடு தண்ணியில்லாமல் நிற்கக் கூடாது.

நீலாங்கரை_செக்ரட்டரி:
எங்கள் அப்பார்ட்மென்டுக்கும் இதே பேச்சு நடக்கிறது. கடற்கரையிலிருந்து நடக்கிற தூரம்தான். போர் தண்ணி டிடிஎஸ் 2400, குளோரைடு 900, ஹார்ட்னெஸ் 700. சாஃப்ட்னர் வைத்தால் தண்ணி நல்ல தண்ணி ஆகிவிடும் என்று ஒருவர் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். உண்மையா?

வேதியியல்_டீச்சர்:
இல்லை சார். உங்கள் போருக்குள் வந்திருப்பது கடல் உப்பு. சாஃப்ட்னர் குளோரைடைத் தொடவே தொடாது, டிடிஎஸ்ஸும் குறையாது. தண்ணியில் ஏற்கெனவே சோடியம் நிறைய இருப்பதால் ரெசினும் முழுசாக வேலை செய்யாது, கொஞ்சம் ஹார்ட்னெஸ் கசிந்துகொண்டே இருக்கும். கரிப்பும் போகாது, குழாய் அரிப்பதும் நிற்காது. கண்டிஷனராலும் உங்களுக்குப் பயனில்லை. உப்பை எடுக்க ஆர்ஓ வேண்டும். அதைக் குளிக்கிற தண்ணிக்கெல்லாம் வைத்தால் கழிவாகப் போகும் தண்ணியை எங்கே விடுவது என்பது அடுத்த பிரச்சினை. மெட்ரோ தண்ணியையும் லாரித் தண்ணியையும் சம்பில் போரோடு கலக்காமல் தனியாக வையுங்கள். மொட்டைமாடி மழைநீர் ஒரு சொட்டுகூடத் தெருவுக்குப் போகாமல் நிலத்தில் இறக்குங்கள். தமிழ்நாட்டில் 2003-லேயே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். குழி இருக்கும், தூர்ந்து போயிருக்கும். அந்த கொட்டேஷன் பணத்தில் ஒரு பங்கை அதற்குச் செலவழித்தாலே நல்லது. கடலோரத்தில் நன்னீர் கீழே இறங்க இறங்கத்தான் கடல் உப்பு உள்ளே வராமல் நிற்கும்.

கவி_அம்மா:
டீச்சர், எங்கள் பாப்பாவுக்குத் தோல் வறண்டு எக்ஸிமா இருக்கிறது. சாஃப்ட்னர் வைத்தால் சரியாகிவிடும் என்று விற்கிறவர் அடித்துச் சொல்கிறார். நம்பலாமா?

வேதியியல்_டீச்சர்:
அந்தக் காரணத்துக்காக மட்டும் வாங்காதேம்மா. இங்கிலாந்தில் எக்ஸிமா உள்ள 336 குழந்தைகளை வைத்துச் சோதனை செய்து 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பகுதியினர் வீட்டில் வழக்கமான மருந்தோடு சாஃப்ட்னரும், மற்றவர்கள் வீட்டில் மருந்து மட்டும். 12 வாரம் பார்த்ததில் சாஃப்ட்னரால் கூடுதல் குணம் எதுவும் தெரியவில்லை. தோல் டாக்டர் கொடுக்கிற களிம்பை விடாமல் போடு. சாஃப்ட் தண்ணியில் சோப்பு குறைவாகப் போதும் என்பது நிஜம். ஆனால் அது வேறு, வியாதி குணமாவது வேறு.

மொட்டைமாடித்_தோட்டம்:
செடிக்காரி என்ற முறையில் கவலையோடு ஒன்று கேட்கிறேன். சாஃப்ட்னர் கழுவிவிடும் உப்புத் தண்ணி எங்கே போகும்? தெரிந்த வீட்டில் அதைத் தோட்டத்துக் கால்வாயில் விட்டார்கள். கறிவேப்பிலை இலை நுனியெல்லாம் கருகி நின்றதைப் பார்த்தேன்.

வேதியியல்_டீச்சர்:
கவலைப்பட வேண்டிய விஷயம்தான். சோடியம் ஏறினால் களிமண் இறுகிப்போகும், தண்ணி உள்ளே இறங்காது. கழிவை மட்டுமில்லை, சாஃப்ட் ஆன தண்ணியையும் செடிக்கு விடக் கூடாது. செடிக்கு ஹார்டான போர் தண்ணியே மேல். கழிவு பாதாளச் சாக்கடைக்குப் போகட்டும். சாக்கடை இணைப்பே இல்லாமல் உறிஞ்சுகுழி மட்டும் இருக்கிற வீடு என்றால் நான் சாஃப்ட்னரைப் பரிந்துரைக்கத் தயங்குவேன். அந்த உப்பு உங்கள் போருக்கும் பக்கத்து வீட்டுப் போருக்கும்தான் திரும்பி வரும். அங்கே கண்டிஷனருக்கு நிஜமான நியாயம் இருக்கிறது.

கலிஃபோர்னியா_ராஜு:
டீச்சர் சொல்வது இங்கே சட்டமாகவே இருக்கிறது. நான் இருப்பது லாஸ் ஏஞ்சலீஸுக்கு வடக்கே சான்டா கிளாரிட்டா பள்ளத்தாக்கு. வீட்டுச் சாஃப்ட்னர்களின் உப்பு சாக்கடை வழியாக ஆற்றுக்குப் போய், கீழே விவசாயத்துக்குக் கெடுதல் என்று பிரச்சினை வந்தது. 2008-இல் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தி, 2009 முதல் வீட்டிலேயே உப்பு போட்டுக் கழுவும் சாஃப்ட்னர்களைத் தடை செய்துவிட்டார்கள். ரெசின் டேங்கைக் கம்பெனிக்காரர்களே எடுத்துப்போய் வெளியே சுத்தம் செய்து திருப்பித் தரும் முறைக்கு மட்டும் தடையில்லை. நிறைய பேர் கண்டிஷனருக்கு மாறினார்கள்.

வடவள்ளி_வாசி:
இவ்வளவு விவரம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றிங்க. எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடை இணைப்பு இருக்கிறது. எங்களுக்குத் தொல்லை கீசர் மட்டுமில்லை, துணியும் குளியலும்தான் பெரிது. அம்மாவுக்கு பிபி இருக்கிறது, அதனால் சோடியம் என்றதும் யோசனையாக இருக்கிறது. மாதம் எவ்வளவு உப்பு செலவாகும் என்று டீச்சர் ஒரு கணக்குச் சொன்னால் நல்லது.

வேதியியல்_டீச்சர்:
அப்படியென்றால் உங்களுக்கு சாஃப்ட்னர்தான் தம்பி. 640-க்குக் கண்டிஷனர் வாங்கினால் கீசர் ஓரளவு தப்பிக்கும், துண்டு விறைப்பாகவேதான் இருக்கும்.

அம்மாவுக்காகக் கவலை வேண்டாம். 100 ஹார்ட்னெஸை எடுத்தால் 46 மில்லிகிராம் சோடியம் சேரும். உங்கள் தண்ணியில் முழுசாக எடுத்தால் லிட்டருக்கு 290-ஐ ஒட்டி வரும். குளிப்பதால் அது உடம்புக்குள் போகாது. குடிக்கவும் சமைக்கவும் சிறுவாணி லைன் தனியாக இருக்கிறதே, அதை மட்டும் இதோடு கலக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். போரை மட்டுமே நம்பியிருக்கும் வீடு என்றால் குடிக்கிற குழாய்க்குத் தனியாக ஆர்ஓ வைக்க வேண்டும். சாஃப்ட் தண்ணி போனால் ஆர்ஓ மெம்பிரேனில் சுண்ணாம்பு படியாது, அதுவும் ஒரு லாபம்.

கணக்கு இதுதான். குளியலுக்கும் துணிக்கும் நாளுக்கு 350 லிட்டர் என்று வையுங்கள். அதில் ஹார்ட்னெஸ் 224 கிராம். 25 லிட்டர் ரெசின், லிட்டருக்கு 50 கிராம் வீதம் 1250 கிராம் பிடிக்கும். ஆக ஐந்து நாளைக்கு ஒரு முறை கழுவ வேண்டும். ஒவ்வொரு முறையும் லிட்டர் ரெசினுக்கு 150 கிராம் உப்பு, மொத்தம் மூன்றே முக்கால் கிலோ. மாதத்துக்கு இருபது கிலோவுக்குக் கொஞ்சம் கூட வரும். கழிவறை ஃபிளஷையும் தோட்டத்தையும் சேர்த்தால் இந்தக் கணக்கு இரட்டிப்பாகிவிடும், அதனால் அவற்றைச் சேர்க்கவே கூடாது.

இன்னொன்று. சிறுவாணித் தண்ணி தொட்டியில் மிஞ்சுகிற வீடு என்றால் வாஷிங் மெஷினுக்கு அந்த லைனிலிருந்து ஒரு குழாய் கொடுத்துவிடுங்கள். அது இயற்கையிலேயே மென்மையான தண்ணி. கோடையில் தண்ணி விடுகிற இடைவெளி அதிகமானால் சாஃப்ட்னர் லைனுக்கு மாற்றிக்கொள்ள ஒரு வால்வு போதும்.

அரியலூரான்:
உப்பு என்றால் கடையில் வாங்கும் கல்லுப்பே போடலாமா டீச்சர்? என் தம்பி வீட்டில் சாஃப்ட்னர்தான், அவன் கேட்கச் சொன்னான்.

குழாய்_வேலை_முருகன்:
இதற்கு நான் சொல்கிறேன் அண்ணா. கையால் வால்வைத் திருப்புகிற மாடல் என்றால் கல்லுப்பைப் பக்கெட்டில் கரைத்து, மண் அடியில் தங்கியதும் தெளிவை மட்டும் துணியில் வடிகட்டி ஊற்றலாம். ஆட்டோமேட்டிக் என்றால் மாத்திரை வடிவில் வருகிற சுத்தமான உப்புதான். கல்லுப்பில் இருக்கும் மண், உப்புக் கரைசலை உறிஞ்சுகிற இன்ஜெக்டரின் துளையை அடைத்துவிடும். அந்தத் துளை ஊசிமுனை அளவுதான் இருக்கும். உதிரியாகக் கொட்டுகிற பாக்கெட் தூள் உப்பும் வேண்டாம், அடியில் கட்டிபட்டு நின்றுவிடும்.

வடவள்ளி_வாசி:
முடிவு செய்துவிட்டோம். பிரஷர் பம்போடு 25 லிட்டர் ஆட்டோமேட்டிக், இரண்டு குளியலறைக்கு மட்டும். வாஷிங் மெஷினுக்கு சிறுவாணி லைன், டீச்சர் சொன்ன மாதிரி மாற்று வால்வோடு. ஃபிளஷும் தோட்டமும் பழைய லைனிலேயே இருக்கட்டும். பொருத்துகிற நாளில் நான் பக்கத்தில் நின்று எதைக் கவனிக்க வேண்டும்?

குழாய்_வேலை_முருகன்:
சாஃப்ட்னருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு சின்ன டெஸ்ட் குழாய் வைக்கச் சொல்லுங்கள். பைசா செலவில்லை, பொருத்தும்போது கேட்டால்தான் வைப்பார்கள். கழிவுக் குழாயைச் சாக்கடைக் குழாய்க்குள் நேராகச் செருகவிடாதீர்கள். நடுவில் நாலு விரல் இடைவெளி விட்டு, மேலிருந்து விழுகிற மாதிரி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சாக்கடைத் தண்ணி திரும்ப உறிஞ்சிவிடும். கீசரை ஒரு முறை முழுசாகக் கழுவி, பழைய ஓட்டை எடுத்த பிறகே புதுத் தண்ணியை விடுங்கள்.

வேதியியல்_டீச்சர்:
ஹார்ட்னெஸ் கிட் ஒன்றும் வாங்கிவிடுங்கள், சில நூறு ரூபாய்தான். கண்ணாடிக் குப்பியில் தண்ணி எடுத்து, சாயம் போட்டால் ஒயின் சிவப்பாக மாறும். சொட்டு மருந்தை ஒவ்வொன்றாக விட்டுக் குலுக்கி, நீலமாகும் வரை எண்ண வேண்டும். உங்கள் போர் தண்ணிக்குச் சொட்டுகள் போய்க்கொண்டே இருக்கும். ரெசின் சரியாக இருந்தால் பின்பக்கக் குழாய்த் தண்ணி சாயம் போட்டதுமே நீலமாக நிற்கும்.

முழுசாக சாஃப்ட் ஆன தண்ணியில் குளித்தால் சோப்பு போகாத மாதிரி வழவழப்பாகவே இருக்கும். பெரியவர்களுக்குப் பிடிக்காது, தரையிலும் வழுக்கும். அதனால் பைபாஸைக் கொஞ்சமாகத் திறந்து, ஹார்ட் தண்ணி சிறிது கலந்து 75-லிருந்து 100-க்குள் நிற்கிற மாதிரி வைக்கச் சொல்லுங்கள். கலந்த பிறகு வருகிற தண்ணியைக் குளியலறைக் குழாயில் பிடித்துக் கிட்டில் பாருங்கள். போர் மட்டம் இறங்குகிற ஏப்ரல், மே மாதத்தில் ஹார்ட்னெஸ் ஏறும், அப்போது மீண்டும் ஒரு முறை பார்த்து வால்வின் செட்டிங்கை மாற்ற வேண்டும்.